வயிற்றுக்குள் மூன்று சிவப்புப் பெருக்கல் குறி

நான் மருத்துவன் அல்லன். டிப்ளமா படித்துவிட்டு 1977-இல் ரயில்வேயில் சேர்ந்து, 2016-இல் ஓய்வு பெறும் வரை தண்டவாளத்தோடு குடும்பம் நடத்தியவன். ‘தண்டவாளக்காரருக்கு வயிற்றைப் பற்றி என்ன தெரியும்?’ என்று நம் சங்கத்து அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வயிற்று ஸ்கேன் ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால் ஒரு நண்பரை இழந்தவன் நான். இன்னொரு ஸ்கேனைக் கடைசி நிமிடத்தில் புரிந்துகொண்டதால் என் வீட்டுக்காரியைக் காப்பாற்றிக்கொண்டவனும் நான். பிழைக்க வந்த ஊரில் இருக்கும் நமக்கென்றே ஒரு தனி ஆபத்து இதில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அவசரக் கோட்டாவில் ஒரு பெர்த்

1987-ஆம் வருடம். நாகபுரிக்கு வடக்கே ஒரு சிறிய ஸ்டேஷனில் நான் பி.டபிள்யூ.ஐ. என்னோடு தஞ்சாவூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் வேலை பார்த்தார். குடும்பம் ஊரில், இவர் குவார்ட்டர்ஸில் தனிக்கட்டை. இடுப்பு வலிக்காக நாள் தவறாமல் வலி மாத்திரை, வெறும் வயிற்றில் டீ, நேரங்கெட்ட சாப்பாடு. ஒரு நாள் விடியற்காலையில் கத்தியால் குத்தினாற்போல மேல் வயிற்றில் வலி. முழங்காலை மடக்கிக்கொண்டு அசையாமல் படுத்துவிட்டார்.

பக்கத்து ஊர் மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, கல்லீரலுக்கு மேலே பிறை நிலா போல மெல்லிய கறுப்புக் கோடு ஒன்றைக் காட்டினார். ‘இது குடலுக்கு வெளியே வந்துவிட்ட காற்று. வயிற்றுப் புண் ஓட்டையாகிவிட்டது. இப்போதே ஆபரேஷன்’ என்றார்.

நண்பர் ஒப்பவில்லை. ‘ஊருக்குப் போயி பண்ணிக்கிறேன். அம்மா இருக்காங்க, பாத்துக்குவாங்க’ என்றார். மதியம் வலி கொஞ்சம் குறைந்தது. ‘பாத்தீங்களா, சரியாயிட்டு வருது’ என்று சிரிக்கக்கூடச் செய்தார். நானும் நம்பினேன். ஓடி ஆடி, அவசரக் கோட்டாவில் அன்று இரவு வண்டிக்கு ஒரு பெர்த் வாங்கி, தலையணை வைத்துப் படுக்க வைத்து அனுப்பினேன். மறுநாள் விஜயவாடாவில் நினைவில்லாமல் இறக்கினார்கள். அன்று மாலை போய்விட்டார். அந்த எக்ஸ்ரே படம் பெர்த்துக்கு அடியில் பெட்டிக்குள் இருந்ததாம்.

குடல் ஓட்டையானால் சில மணி நேரம் கழித்து வலி தணிவது போலக் காட்டும் என்பதும், அது குணமல்ல, ஏமாற்று என்பதும் பல வருடங்களுக்குப் பிறகே எனக்குத் தெரிந்தது. அந்த பெர்த்தை வாங்கிக் கொடுத்த கை என்னுடைய கை.

தண்டவாளமும் வயிறும்

தண்டவாளத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, அல்ட்ராசோனிக் கருவியைத் தள்ளிக்கொண்டு போவார்கள். சிலர் பார்த்திருக்கலாம். காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்துக் குறையைக் கண்டுபிடிப்பது. வயிற்று அல்ட்ராசவுண்டும் இதேதான். தண்டவாளத்துக்கு 2, 4 மெகாஹெர்ட்ஸ். வயிற்றுக்குப் பெரும்பாலும் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ். அங்கே தண்ணீர் ஊற்றுவோம், இங்கே ஜெல் தடவுகிறார்கள். நடுவில் காற்று புகுந்தால் இரண்டு கருவிக்கும் கண் தெரியாது.

இது தற்செயல் ஒற்றுமை அல்ல. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இயான் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர், 1955-இல் கொதிகலன் தொழிற்சாலை ஒன்றில் உலோகக் குறை கண்டுபிடிக்கும் கருவியை வைத்து, அறுத்தெடுத்த கட்டிகளைச் சோதித்துப் பார்த்தார். டாம் பிரவுன் என்ற இளம் எஞ்சினீயர் அவருக்குத் துணை நின்றார். 1958-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுதான் இன்றைய வயிற்று ஸ்கேனுக்கு அடித்தளம். சி.டி. ஸ்கேனைக் கண்டுபிடித்த ஹௌன்ஸ்ஃபீல்டும் மருத்துவர் அல்லர், மின் எஞ்சினீயர். படித்தது டிப்ளமா. 1971-இல் முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்தார், 1979-இல் நோபல் பரிசு பெற்றார். டிப்ளமாக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்!

எங்கள் வேலையில் குறை தெரிந்தவுடன் அதை இரண்டு வகையாகப் பிரிப்போம். ஒன்று ‘ஓ.பி.எஸ்.’ அதாவது கவனித்து வர வேண்டியது. தண்டவாளத்தில் சிவப்புச் சாயத்தில் ஒரு பெருக்கல் குறி. இன்னொன்று ‘ஐ.எம்.ஆர்.’, உடனே அகற்ற வேண்டியது. மூன்று பெருக்கல் குறி. அந்த நிமிடமே வண்டிகளின் வேகத்தை 30 கிலோமீட்டருக்குக் குறைத்து, மூன்று நாளுக்குள் அந்தத் துண்டை மாற்றியாக வேண்டும். ஒற்றைக் குறிக்குப் பதறுவதும் தவறு, மூன்று குறியைப் பார்த்துவிட்டு ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்பதும் தவறு.

ஸ்கேன் ரிப்போர்ட்டையும் இப்படித்தான் படிக்க வேண்டும். என்ன, வயிற்றுக்கு மூன்று நாள் கெடு கிடையாது. மணிக்கணக்குதான்.

மூன்று குறி போட வேண்டியவை

டாக்டர் நண்பர்களிடம் கேட்டும், எனக்குத் தெரிந்தவரை சரிபார்த்தும் எழுதுகிறேன்.

குடலுக்கு வெளியே காற்று: நண்பருக்கு வந்தது இதுதான். இரைப்பையிலோ குடலிலோ ஓட்டை விழுந்தால் காற்று வெளியேறி, நிற்கும்போது உதரவிதானத்துக்குக் கீழே போய்த் தங்கும். எக்ஸ்ரேயில் கறுப்புப் பிறை. ஓட்டை இருந்தும் எக்ஸ்ரேயில் காற்று தெரியாமல் போவதும் உண்டு, அப்போது சி.டி. காட்டிக்கொடுக்கும். சமீபத்தில் வயிற்று ஆபரேஷன் ஆனவர்களுக்குச் சில நாள் காற்று தங்கியிருப்பது இயல்பு. ஆகவே பழைய ஆபரேஷனை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

குடல் அடைப்பு: எக்ஸ்ரேயில் மேலே காற்று, கீழே நீர் என்று படிக்கட்டு போல மட்டங்கள் தெரியும். சிறுகுடல் 3 செ.மீ., பெருங்குடல் 6 செ.மீ., பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் 9 செ.மீ. இவற்றுக்கு மேல் விரிந்திருந்தால் வீக்கம் என்று கணக்கு. எல்லா அடைப்புக்கும் கத்தி தேவையில்லை. பல சமயம் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, குளுக்கோஸ் ஏற்றி, காத்திருந்தே சரியாகிவிடும். ஆனால் ‘குளோஸ்டு லூப்’ என்று ரிப்போர்ட்டில் இருந்தால் ஒரு குடல் வளையத்தின் இரண்டு முனையும் சிக்கிக்கொண்டது என்று பொருள். கூடவே குடலைத் தாங்கும் ஜவ்வு நீர்ச்சுழி போல முறுக்கியிருப்பது, குடல் சுவரில் மருந்து ஏறாமல் மங்கலாகத் தெரிவது ஆகியவை இருந்தால் ரத்த ஓட்டம் நிற்கிறது என்று அர்த்தம். இதுதான் மூன்று குறி.

குடலுக்கு ரத்தம் போகாமை: இதயத் துடிப்பு ஒழுங்கில்லாத பெரியவர்களுக்கு ரத்தக்கட்டி ஒன்று குடலின் தமனியை அடைத்துவிடலாம். வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் ஒன்றும் இராது, வலியோ உயிர் போகும். மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி.யில் அடைப்பு தெரியும். குடல் சுவருக்குள்ளும், கல்லீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்க்குள்ளும் காற்றுக் குமிழ்கள் தெரிந்தால் பெரும்பாலும் நிலைமை முற்றிவிட்டது எனலாம்.

குடல்வால் அழற்சி: அல்ட்ராசவுண்டில் குடல்வால் 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்து, அழுத்தினாலும் அமுங்காமல் இருக்கும். உள்ளே கல் இருந்தாலும், சுற்றிலும் நீரோ சீழோ இருந்தாலும் தாமதம் கூடாது. சிக்கலில்லாத சிலவற்றுக்கு இப்போது ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்துப் பார்ப்பதும் உண்டு. அதை முடிவு செய்ய வேண்டியவர் சர்ஜன்தான், நாம் அல்ல.

பெண்களுக்கு: கர்ப்பப் பரிசோதனை ‘ஆம்’ என்கிறது, கர்ப்பப்பை காலியாக இருக்கிறது, வயிற்றில் நீர் தேங்கியிருக்கிறது. இப்படி வந்தால் கரு குழாயில் தங்கி வெடித்திருக்கலாம். அந்த ‘நீர்’ ரத்தமாக இருக்கும். ‘மாதவிலக்கு வலிதானே’ என்று சுக்குக் கஷாயம் கொடுத்து உட்கார வைக்கிற நேரமல்ல அது. சினைப்பை முறுக்கிக்கொள்வதும் இப்படியே. வீங்கிய சினைப்பை, நின்றுபோன ரத்த ஓட்டம். ஆனால் ரத்த ஓட்டம் தெரிந்தாலும் முறுக்கு இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாதாம்.

ஆண்பிள்ளைகளுக்கு: பையன் ‘அடி வயிறு வலிக்குது’ என்பான், விரை முறுக்கியிருப்பதை வெட்கத்தால் சொல்ல மாட்டான். சுமார் 6 மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் காப்பாற்ற நல்ல வாய்ப்பு. தகப்பன்மார் தனியே அழைத்துக் கேட்டுவிடுங்கள்.

கைக்குழந்தைகளுக்கு: விட்டு விட்டு வீரிட்டு அழுது, காலை மடக்கி, சிவந்த சளி போல மலம் போனால் குடலுக்குள் குடல் செருகியிருக்கலாம். ஸ்கேனில் வளையத்துக்குள் வளையமாகத் தெரியும். பெரும்பாலும் ஆசனவாய் வழியே காற்றோ நீரோ செலுத்தியே சரிசெய்துவிடுவார்கள். அது பலிக்காவிட்டால் ஆபரேஷன்.

பெருந்தமனி வீக்கம்: வயதான, புகைபிடித்துப் பழகிய ஆண்களுக்கு அதிகம். பெருந்தமனி 3 செ.மீ.க்கு மேல் விரிந்தால் வீக்கம். ஆண்களுக்கு 5.5 செ.மீ.யைத் தொட்டால் திட்டமிட்ட ஆபரேஷனைப் பற்றிப் பேசுவார்கள். வயிறும் முதுகும் சேர்ந்து வலித்து, மயக்கம் வந்து, ஸ்கேனில் தமனிக்குப் பக்கத்தில் ரத்தம் தெரிந்தால் ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது.

ஒற்றைக் குறி போட வேண்டியவை

உடல் பரிசோதனைக்குப் போன இடத்தில் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு இரவு பன்னிரண்டு மணிக்கு எனக்குப் போன் செய்யும் அன்பர்கள் உண்டு. தொந்தரவு எதுவும் தராத பித்தப்பைக் கல், சிறுநீரகத்தில் சாதாரண நீர்க்கட்டி, கல்லீரலில் கொழுப்பு முதல் நிலை, கர்ப்பப்பையில் சிறு நார்க்கட்டி, இவையெல்லாம் பெரும்பாலும் ஒற்றைக் குறி ரகம். டாக்டரிடம் காட்டுங்கள், சொன்ன தேதியில் மறுபடி பாருங்கள், நிம்மதியாகத் தூங்குங்கள். ஆனால் அதே பித்தப்பைக் கல்லோடு காய்ச்சலும், குளிரும், விடாத வலியும், மஞ்சள் காமாலையும் சேர்ந்தால் குறி மாறிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்கேன் ‘நார்மல்’ என்பதால் வயிறு நார்மல் என்று ஆகிவிடாது. காற்று நிறைந்த குடலுக்குள் அல்ட்ராசவுண்டு புக முடியாது என்று முன்பே சொன்னேன். ஆரம்ப நேரத்தில் எடுத்த படத்தில் தெரியாதது ஆறு மணி நேரம் கழித்துத் தெரியலாம். பலகை போல விறைத்த வயிறு, குறையாத வலி, பச்சை வாந்தி, காற்றுப் பிரியாமை, குளிர்ந்து வியர்க்கும் கை கால் இவை இருந்தால் ரிப்போர்ட்டைக் காட்டி மனசைத் தேற்றிக்கொள்ளாமல் திரும்பவும் டாக்டரிடம் போக வேண்டும்.

2018, நவம்பர்

இனி என் வீட்டுக் கதை. என் மனைவிக்கு 1998-இல் கர்ப்பப்பை அகற்றும் ஆபரேஷன் ஆயிற்று. இருபது வருடம் கழித்து, 2018 நவம்பரில் ஒரு நாள் காலையிலிருந்து விட்டு விட்டு வயிற்று வலி, வாந்தி. ‘கேஸ்’ என்று ஓமத் தண்ணீர் கொடுத்தேன். சாயங்காலம் வாந்தி பச்சையாக வந்தது. வயிறு தம்பட்டம் போல உப்பிவிட்டது.

நாகபுரியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். டியூட்டி டாக்டர் இந்தியில் கேட்டார். இவள் என் முகத்தைப் பார்த்தாள். ‘பிசையுதுங்க, அப்புறம் இழுத்துப் பிடிக்குது, இப்ப விடவே இல்ல’ என்றாள். நாற்பது வருடம் இந்தி பேசிய எனக்கு அந்த நேரத்தில் ‘தர்த் ஹை’ என்பதற்கு மேல் வாய் வரவில்லை. விட்டு விட்டு வந்த வலி விடாத வலியாக மாறியதுதான் முக்கியமான சேதி. அதை நான் விழுங்கிவிட்டேன்.

நல்ல வேளை, படத்துக்கு மொழி கிடையாது. சி.டி. எடுத்தார்கள். பழைய ஆபரேஷனால் உள்ளே உண்டான ஒட்டு ஒன்று கயிறு போலக் குடலைச் சுருக்குப் போட்டிருந்தது. சிறுகுடல் அடைப்புக்கு இந்த ஒட்டுகள்தான் முதல் காரணமாம். ரிப்போர்ட்டில் ‘குளோஸ்டு லூப்’ என்று இருந்தது. சர்ஜன் வந்து, ‘இன்றிரவே’ என்றார்.

மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ‘என்னங்க, ஊருக்குப் போயிடலாங்க. தம்பி இருக்கான். நம்ம பாஷை தெரிஞ்ச டாக்டர்கிட்ட காட்டலாம். இங்க எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு இருக்கா?’

பிழைக்க வந்த ஒவ்வொருவர் நெஞ்சிலும் இருக்கிற பேச்சுதானே இது? எனக்கும் அதேதான் தோன்றியது. கை தன்னால் செல்போனை எடுத்தது. கண்ட்ரோல் ஆபீசில் பழக்கமானவர் இருந்தார், சென்னை வண்டியில் இரண்டு பெர்த் கேட்டால் கிடைக்கும். நம்பரை அழுத்தப் போகும்போது 1987 கண்முன் வந்து நின்றது. தலையணை, பெர்த், சிரித்த முகம்.

சர்ஜனிடம் ஒரே கேள்வி கேட்டேன். ‘நாளை சென்னையில் செய்தால் என்ன ஆகும்?’

‘ரத்தம் நின்றால் குடல் ஏறத்தாழ 6 மணி நேரம் தாங்கும். உங்கள் வண்டி எத்தனை மணி நேரம்?’ என்றார்.

பதினாறு மணி நேரத்துக்குக் குறையாது. அது எனக்குத் தெரியாதா? போனைப் பையில் போட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டரை மணி நேர ஆபரேஷன். கறுத்துப்போன குடலைச் சுடுநீரில் நனைத்த துணியால் சுற்றி வைத்துக் காத்திருந்தார்களாம். பெரும்பகுதிக்கு நிறம் திரும்பியது. திரும்பாத ஓரடித் துண்டை வெட்டி எடுத்துவிட்டு இணைத்துவிட்டார்கள். பத்தாம் நாள் வீட்டுக்கு வந்து, ‘ரசம் உப்பு கம்மி’ என்றாள். அதற்கு மேல் நற்செய்தி வேறென்ன வேண்டும்?

நாம் செய்யக்கூடியவை

கடுமையான வயிற்று வலிக்கு வீட்டில் விளக்கெண்ணெய், பேதி மாத்திரை, எனிமா எதுவும் வேண்டாம். கடையில் வாங்கிய வலி மாத்திரையும் வேண்டாம். டாக்டர் பார்க்கும் வரை சாப்பாடும் தண்ணீரும் கொடுக்காதீர்கள்.

பழைய ஆபரேஷன் காகிதங்கள், ஸ்கேன் படங்கள், தினசரி மாத்திரைகளின் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்து, வீட்டில் எல்லோருக்கும் இடத்தைச் சொல்லி வையுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வீட்டுப் பெண்களுக்கு நாலு வார்த்தை கற்றுக்கொடுங்கள். பிசைகிற வலி ‘மரோட்’, எரிச்சல் ‘ஜலன்’, குத்தல் ‘சுபன்’, வாந்தி ‘உல்டி’. விட்டு விட்டு வருகிறதா, விடாமல் இருக்கிறதா என்பதைக் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள்.

சர்ஜனிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ‘இது காத்திருக்கக் கூடியதா? காத்திருந்தால் எத்தனை மணி நேரம்?’ பதிலுக்கும் ரயில் டைம்டேபிளுக்கும் ஒத்துவந்தால் ஊருக்குப் போங்கள். ஒத்துவராவிட்டால் இங்கேயே கையெழுத்துப் போடுங்கள். ஊர்ப் பாசம் நல்லதுதான். ஆனால் குடலுக்கு ஊர் தெரியாது.

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். பொங்கல் விழாவுக்கும் நாடகத்துக்கும் கமிட்டி போடுகிறோம். அதுபோல, ராத்திரி எந்நேரமானாலும் மருத்துவமனைக்கு வந்து, நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் நின்று தமிழையும் இந்தியையும் மாற்றிச் சொல்லக்கூடியவர்கள், ரத்தம் கொடுக்கக்கூடியவர்கள் பட்டியல் ஒன்றைத் தயார் செய்து, எல்லா வீட்டுக்கும் கொடுக்க வேண்டும். ‘இங்க யாரு இருக்கா?’ என்று என் மனைவி கேட்ட கேள்வியை இன்னொரு வீட்டில் யாரும் கேட்கக் கூடாது.

அந்தப் பட்டியலில் முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்றவன், தூக்கம் குறைவு. எந்நேரமும் கூப்பிடலாம்.